பேயும் முன்னோரும்: ஊவாப் பெருந்தோட்டங்களில் வீடு, அச்சம், வரலாறு

பேய்க் கதைகளை நம் ஆய்வுலகம் பெரும்பாலும் இரு வகையாகவே அணுகி வந்துள்ளது. பகுத்தறிவு இயக்கத்தின் வழிவந்தோர் அவற்றை முடநம்பிக்கை எனத் தள்ளினர். நாட்டார் வழக்காற்றியலாளர் பலர் அவற்றைச் சேகரித்து வகைப்படுத்தியதோடு அமைந்தனர். இவ்விரு நோக்குகளிலும் அடிப்படையான வினாவொன்று கேட்கப்படாமலே போய்விடுகின்றது. பேய் ஒரு வீட்டில் வாழ்கின்றது என்றால், அந்த வீடு யாருடையது?

இவ்வினாவை முன்னிறுத்தி, பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாப் பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு, ஆவிகள் பற்றிய நம்பிக்கைகளுக்கும் பிரதேச வரலாற்றுக்கும் இடையேயுள்ள உறவினை இக்கட்டுரையில் நோக்க முயல்கின்றோம். பேய் உண்டா இல்லையா என்பது நமது பிரச்சினையன்று. உண்மையான மனிதர் உண்மையாகவே அஞ்சினர். அந்த அச்சத்திற்குச் சமூக வேர்கள் இருந்தன. நாம் தேடுவது அவ்வேர்களையே.

1. வெறுமையாக்கப்பட்ட நாடு

ஊவாவின் மலைச்சரிவுகள் ஆளற்ற காடாகக் கிடந்தன என்பதும், ஆங்கிலேயத் துரைமாரே அவற்றை மனித வாழ்வுக்கு உரியனவாக்கினர் என்பதும் பெருந்தோட்ட வரலாற்றுநூல்கள் வளர்த்த ஐதீகம். 1817 இல் ஊவாவில் வெடித்த கிளர்ச்சியை ஒடுக்கிய ஆளுநர் பிறவுண்றிக்கின் படைகள் ஊர்களை எரித்தன, விளைபயிரையும் தானியச் சேமிப்பையும் அழித்தன, கால்நடைகளைக் கவர்ந்தன. வெறுமையான நாடு இயற்கையாக அமைந்ததன்று. அது வெறுமையாக்கப்பட்ட நாடு.

கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, பின்னர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தவர் ஊவாத் திசாவையான கெப்பெட்டிபொல. அவர் 1818 நவம்பர் 26 இல் கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரது மண்டையோட்டை ஹென்றி மார்ஷல் என்னும் படை மருத்துவர் எடின்பரோவுக்கு எடுத்துச் சென்று, அங்கிருந்த கபாலவியற் கழகத்திடம் சேர்ப்பித்தார். மண்டையின் மேடுபள்ளங்களைத் தடவி ஒருவரின் குணத்தை அறிந்துவிடலாம் என நம்பிய 'விஞ்ஞானம்' அது. நாட்டு மக்களை மூடநம்பிக்கையாளர் என இகழ்ந்த ஆட்சியாளர், தாம் கொன்ற எதிரியின் தலையை வைத்துக் குறி பார்த்தனர் எனின் அது மிகையன்று. அத்தலை நாடு திரும்பி, 1954 இலேயே கண்டியில் நினைவுத்தூணின் கீழ் வைக்கப்பட்டது. அடக்கம் பெறாத இறந்தோர் என்னும் பிரச்சினை ஊவாவின் நவீன வரலாற்றின் தொடக்கத்திலேயே நிற்கின்றது.

1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் சட்டம், உரித்தை ஆவணங்கொண்டு நிறுவ முடியாத நிலங்களை அரசின் சொத்தாகக் கருத வழிசெய்தது. அந்நிலங்கள் கோப்பித் தோட்டங்களுக்காக விற்கப்பட்டன. அதிகாரிகளும் நிலம் வாங்கினர். பதுளையின் மிகப் பிரசித்தமான ஆவிக் கதை இக்காலப் பகுதிக்கே உரியது.

2. மேஜர் றொஜர்ஸும் இடியும்

மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவிருந்தவர். ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர். 1845 யூன் மாதத்தில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் நினைவாக எழுப்பப்பட்ட புனித மாற்கு தேவாலயம் பதுளையில் உள்ளது. அவரது கல்லறை நுவரெலியாவில் உள்ளது. கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை, மீண்டும் மீண்டும் தாக்கி அதனைப் பிளந்தது என்பது மக்கள் வழக்கு.

இக்கதையை வேடிக்கைச் செய்தியாகச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். நாம் அதனை ஒரு தீர்ப்பாகக் கொள்வோம். குடியேற்ற ஆட்சியில் அதிகாரியே நீதிபதியுமாவான். அவனை விசாரிப்பதற்கு மக்களுக்கு மன்று இல்லை. இல்லாத மன்றினை மக்கள் வானத்தில் அமைத்துக்கொண்டனர். தண்டனை ஒருமுறை நிறைவேறியதோடு அமையாமல் கல்லறைவரை தொடர்கின்றது என்பதில், அரசு எழுப்பிய நினைவுச்சின்னத்திற்கு எதிராக மக்கள் எழுப்பிய மறு நினைவினைக் காண்கின்றோம்.

எனினும் இக்கதையின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். இதிற் பழிக்கப்படுவது யானைக்கொலை என்னும் பாவம் மட்டுமே. யானைகள் கொல்லப்பட்டது வேட்டை இன்பத்துக்காக மாத்திரமன்று. காட்டை அழித்துத் தோட்டமாக்குவதற்கு அவை இடையூறாக இருந்தன. கொன்றவர்க்கு அரசாங்கம் வெகுமதியும் வழங்கியது. நிலம் பறிகொடுத்த விவசாயியோ, தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்து வழியில் மாண்ட கூலியோ கதையினுள் இடம்பெறவில்லை. வானத்து நீதி நிலவுடைமை பற்றிய வழக்கினை எடுத்துக்கொள்ளவில்லை. மேலும், இது அதிகாரியின் கல்லறையைப் பற்றிய கதை. பெயரும் கல்லும் உள்ள ஒருவரைப் பற்றியது. கல்லறையற்றோர் கதை வேறு விதமாக அமைந்தது.

3. தேயிலையும் குடும்ப வீடும்

கோப்பிக் காலத்தில் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலானோர் பருவத்துக்கு வந்து திரும்பியோர். மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் அப்பாலும் நடந்த அவர்களிற் பெருந்தொகையினர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் மாண்டனர். தேயிலைத் தூரைக் கிண்டினாற் செல்வம் கிடைக்கும் என ஆள்கட்டுவோர் ஆசைகாட்டினர் என்ற செய்தி மலையக மக்கள் நினைவில் இன்றும் உள்ளது. தூரின் அடியில் உண்மையிற் கிடந்தோர் அவர்தம் உறவினர். சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் கவிதை இந்தக் கல்லறையற்ற மரணத்தையே பொருளாகக் கொண்டது.

1869 இல் கோப்பி இலைநோய் ஊவாவின் மடுல்சீமையில் முதன்முதல் அவதானிக்கப்பட்டது. அடுத்த இரு தசாப்தங்களிற் கோப்பிப் பொருளாதாரம் சரிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பி ஆண்டில் ஒரு பருவத்தில் அறுவடையாவது. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படவேண்டியது. ஆகவே ஆண், பெண், பிள்ளை என முழுக் குடும்பமும் தோட்டத்தில் நிலையாகத் தங்குதல் மூலதனத்துக்குத் தேவையாயிற்று. பருவக் கூலியின் தங்குமிடமாக இருந்த லயக் காம்பரா குடும்ப வீடாக மாறியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஓர் அறை, அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு: இதனுள்ளே மகப்பேறு, பூப்பு, மணவாழ்க்கை, நோய், மரணம் யாவும் நிகழ்ந்தன.

குடும்ப வீடாயிற்று என்றோம். குடும்பத்தின் வீடு ஆகவில்லை. காம்பரா தோட்டத்துக்குரியது. பெயர் பதிந்திருக்கும் வரையே அதில் இருக்கலாம். வேலை போனால் வீடும் போகும். கங்காணியின் கடனோடு குடும்பங்கள் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப்பட்டன. 1921 இல் துண்டு முறை ஒழிக்கப்பட்ட பின்னரும் வீட்டுரிமை என்னும் விடயத்தில் மாற்றம் நிகழவில்லை.

இங்கேதான் நமது மையக் கருத்துக்கு வருகின்றோம். தமிழ்க் கிராமத்தில் சொந்த நிலமும் வீடுமுள்ள குடும்பத்திற் பிறந்து இறந்தவர், உரிய சடங்குகளின் பின் முன்னோராகின்றார். அவருக்கு வீட்டில் ஒரு மூலை உண்டு. ஆண்டில் ஒரு நாள் உண்டு. அவர் வீட்டைக் காக்கின்றார். லயத்திலும் அவ்வுணர்வு அழிந்துவிடவில்லை. தீபாவளியை ஒட்டி, இறந்தோர் விரும்பிய உணவையும் புத்தாடையையும் வைத்துப் படையலிடும் வழக்கம் இதற்குச் சான்று. ஆனால் படையல் தன் குடும்பத்து இறந்தோருக்கே உரியது. குடும்பம் பெயர்க்கப்பட்டதும், அந்தக் காம்பராவில் இறந்தவர் உறவற்றவராகின்றார். அடுத்துக் குடிவரும் குடும்பத்திற்கு அவர் யாரோ ஒருவர். முன்னே வாழ்ந்த வீட்டில் முன்னோராகவிருந்த அவரே, புதியவர்களுக்குப் பேயாகின்றார்.

அச்சந்தரும் ஆவியையும் அருள்தரும் முன்னோரையும் பிரிப்பது இறப்பின் தன்மை மட்டுமன்று. வீட்டின் உடைமை உறவும் அதனைத் தீர்மானிக்கின்றது. அகால மரணம் எங்கும் பேயை உண்டாக்கும் என்பது தமிழர் பொது நம்பிக்கைதான். தோட்டத்திலோ, இயல்பான மரணமும் பேயாகக்கூடிய நிலைமையைக் கூலி முறை உருவாக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இதனைப் பெருமளவிற்கு விரித்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென இரு அரசுகள் தீர்மானித்தபோது, உயிரோடிருந்தோரே எண்ணப்பட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இறந்தோர் எந்தக் கணக்கிலும் இல்லை. வெறுமையான காம்பராக்களும் அவற்றைப் பற்றிய இரவுநேர அச்சங்களும் எஞ்சின.

4. முனியும் மூலதனமும்

லயத்தின் பேய் வீட்டினுள் அச்சுறுத்துவது. வெளியே மலையிலும் தொழிற்சாலையிலும் அச்சுறுத்துவோர் முனி, மாடன் முதலிய காவற்றெய்வங்கள். கிராமத்தில் இவை ஊரெல்லையைக் காப்பன. தோட்டத்தில் ஊர் இல்லை; இருப்பது கம்பனியின் எல்லை. பிடிமண்ணோடு கடல் கடந்த தெய்வம் வேறொருவரின் சொத்துக்குக் காவலாக நின்றது என்பது இம்மாற்றத்தின் கொடிய முரண்.

தெய்வப் பெயர்களே இதனை உணர்த்துகின்றன. கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் வழிபடப்படுவது கவ்வாத்துச் சாமி. கொழுந்து மலைக்குக் கொழுந்துச் சாமி. தொழிற்சாலைக்கு ரோதமுனி, ரோதை என்பது அங்கு சுழலும் சக்கரம். தமிழ்நாட்டுக் கிராமத்தில் இல்லாத இத்தெய்வங்கள் உற்பத்தி முறையின் ஒவ்வொரு கட்டத்திலும் தோன்றியுள்ளன. கத்தி வழுக்கும் இடம், சறுக்கும் மலை, கையைக் கவ்வும் இயந்திரம் என விபத்து எங்கே காத்திருந்ததோ, அங்கே சாமி நின்றது. விபத்துக்குப் பொறுப்பேற்க நிருவாகம் முன்வராதபோது, பொறுப்பை ஒரு முனி ஏற்றார். சேவலோ ஆடோ பெற்றுக்கொண்டு தொழிலாளியின் கையை விட்டுவைக்க அவர் உடன்பட்டார். இழப்பீட்டுச் சட்டம் செய்யவேண்டியதைப் பலி செய்தது.

இந்நிலைமை ஊவாவுக்கு மாத்திரம் உரியதன்று. பொலிவிய நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களில் 'தியோ' எனப்படும் பேயுருவுக்குத் தொழிலாளர் படையலிடும் வழக்கத்தை மைக்கல் டோசிக் 1980 இல் வெளியான நூலில் ஆராய்ந்தார். புதிய உற்பத்தி முறை இயற்கைக்கு மாறானது என விவசாய மக்கள் தம் மொழியிற் கூறிய விமரிசனமாக அவர் அதனைக் கண்டார். மலேசியத் தொழிற்சாலைகளில் இளம் மலாய்ப் பெண்கள் ஆவி பிடித்து அலறியதை ஐவா ஒங் 1987 இல் வெளியான நூலில் விளக்கினார். அவ்வலறலில் எதிர்ப்பு உண்டு. ஆனால் அது வர்க்க உணர்வாக முதிரவில்லை என்பது அவர் ஆய்வு தரும் எச்சரிக்கை.

தோட்டத்துப் பேயோட்டும் சடங்கினை இவ்வெளிச்சத்தில் நோக்கலாம். உடுக்கடித்துக் கோடங்கி கேட்கும் முதற்கேள்வி: "நீ யார்? எங்கிருந்து வந்தாய்?" பிடிக்கப்பட்டவள் பெரும்பாலும் இளம் பெண். அவள் வாயிலாக ஆவி தன் பெயரைச் சொல்கின்றது. எப்படி இறந்தது எனச் சொல்கின்றது. தன்னைக் கெடுத்தவர் யார் எனச் சொல்வதும் உண்டு. தோட்டத்துச் செக்றோலில் பெயர் வெட்டப்பட்டதோடு முடிந்துபோன ஒரு மரணம், இச்சடங்கில் மட்டுமே விசாரணை பெறுகின்றது. பகலில் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன் வாய்திறக்க முடியாத பெண், இரவில் ஊரார் முன்னிலையிற் குரலுயர்த்திப் பேசும் உரிமை பெறுகின்றாள்.

இதைப் போற்றிப் பாடுவதற்கும் நாம் தயாரில்லை. சடங்கின் முடிவில் ஆவி ஓட்டப்படுகின்றது. வாக்குமூலமும் அதனோடு ஓட்டப்படுகின்றது. பெண் மறுநாட் காலை பிரட்டுக்குச் செல்கின்றாள். சடங்கின் செலவு குடும்பத்தின் கடனிற் சேர்கின்றது. கேள்வி சரியானது, கேட்கப்பட்ட இடம் தவறானது.

5. இலக்கியம் பிரித்ததும் மக்கள் இணைத்ததும்

நவீன தமிழ்ச் சிறுகதையில் வீட்டுக்குள் வந்த பேயைப் பற்றிய மிகச் சிறந்த கதை புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைத் தமிழ்ப் புனைகதைக்குள் ஆரம்பத்திலேயே கொணர்ந்த படைப்புகளுள் ஒன்றும் அவரது 'துன்பக்கேணி'தான். ஒரே படைப்பாளியின் கையில் இவ்விரண்டும் இரு வேறு உலகங்களாக நின்றன. 'காஞ்சனை'யின் வீடு நடுத்தர வர்க்க எழுத்தாளனின் வீடு. அங்கே பேய் வெளியிலிருந்து, வேலைக்காரியின் உருவில் வருகின்றது. வீட்டுக்காரனின் பகுத்தறிவு தடுமாறுகின்றது. 'துன்பக்கேணி'யிலோ பேய்க்குத் தேவையில்லை. உயிரோடிருக்கும் மனிதர் செய்வதே போதுமானதாயிருக்கின்றது.

வீட்டுப் பேயையும் தோட்டத்தையும் இணைத்தது ஏட்டிலக்கியமன்று, லயத்து வாய்மொழி. அங்கே அஞ்சுபவரே வேலைக்காரர்; பேயும் முன்னாள் வேலைக்காரர். வர்க்க எல்லைக்கு அப்பாலிருந்து பேய் வருவதில்லை. ஊவாவில் வாழ்ந்து எழுதிய தமிழோவியன், தெளிவத்தை ஜோசப் முதலியோரின் தலைமுறை லயத்து வாழ்வை உள்ளிருந்து எழுதியது. ஆனால் முற்போக்கு இலக்கியத்தின் பொதுப்போக்கு, பேய் நம்பிக்கையைத் தொழிலாளரின் அறியாமைக்கு உதாரணமாகவே கையாண்டது. அவர்கள் அஞ்சியது எதற்கு என்ற வினா ஆராயப்படவில்லை. இக்குறையை இனிவரும் ஆய்வாளர் நிவர்த்தி செய்தல் வேண்டும்.

6. அச்சம் இடம் மாறிய ஆண்டு

தோட்டத்தின் அமைப்பே அச்சத்தின் வரைபடம். மேலே துரை பங்களா, இடையில் உத்தியோகத்தர் விடுதிகள், கீழே லயங்கள். இரவில் மேல்நோக்கிச் செல்லுதல் ஆகாது. மாண்ட துரையின் குதிரைக் குளம்போசை பங்களா வழியிற் கேட்கும் என்னும் வகைக் கதைகள் மலைநாட்டிற் பரவலாக வழங்குவன. உயிரோடிருந்தபோது அத்துமீறிச் செல்வோரைத் தடுத்தவன், இறந்த பின்னும் அதையே செய்கின்றான். இவ்விடத்திற் பேய் ஒரு சம்பளமில்லாக் காவற்காரன்.

இவ்வச்சம் உடைந்த ஓர் ஆண்டினை ஊவா கண்டுள்ளது. 1940 இல் தோட்ட வேலைநிறுத்தங்கள் ஊவாவுக்குப் பரவியபோது லங்கா சமசமாஜக் கட்சியினர் அவற்றுக்குத் தலைமை தாங்கினர். பதுளையிற் கூட்டங்கள் தடைசெய்யப்பட்டன. அத்தடையை மீறி மே 12 ஆந் திகதி என். எம். பெரேரா அங்கு பெருங்கூட்டத்திற் பேசினார். வேவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். சபையைக் கலந்து செயற்படத் தோட்டத் துரை இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு வந்த பொலிஸாரை அத்தொழிலாளரே நிராயுதபாணிகளாக்கினர். அவ்வெழுச்சி பின்னர் பொலிஸ் வன்முறையால் நசுக்கப்பட்டது. ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த வெள்ளமும் அடக்குவோருக்குத் துணைபோயிற்று.

வேவெஸ்ஸத் தொழிலாளர் அதற்கு முன் முனிக்குப் படைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று நாம் கூறவரவில்லை. அவர்கள் முனியை வணங்கிக்கொண்டே துரைக்கு அஞ்சாதிருக்கக் கற்றனர். அச்சத்தை அகற்றியது விரிவுரையன்று, அமைப்பு. பேயோட்டும் சடங்கில் எழுப்பப்பட்ட 'யார், ஏன்' என்னும் வினாக்கள், தொழிலாளர் சபையிற் கேட்கப்பட்டபோதே உரியவரை நோக்கித் திரும்பின.

7. முடிவுரை

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. ஆண்டோர் மாறினர், லயம் நின்றது. 2014 ஒக்ரோபர் 29 காலையில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது, மக்கள் வேறிடத்திற் குடியமர்த்தப்படவேண்டும் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. புதையுண்டோர் பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை.

அபாயத்தை அறிந்திருந்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று அன்று பலர் கேட்டனர். சொந்த நிலமற்றோர், வேலையோடு பிணைக்கப்பட்ட காம்பராவை விட்டு எங்கே போவது என்பது அதற்கான விடை. தொழிலாளர் பேய்க்கு அஞ்சினர், மண்சரிவுக்கு அஞ்சவில்லை என இதனை விளக்குவது அநீதி. அவர்கள் இரண்டுக்கும் அஞ்சினர். ஆனால் வீடில்லாமற் போவதற்கு அவற்றினும் அதிகமாக அஞ்சவேண்டிய நிலையில் வைக்கப்பட்டிருந்தனர்.

ஆகவே மலையக மக்களின் காணியுரிமைக் கோரிக்கையைப் பொருளாதாரக் கோரிக்கையாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஏழு பேர்ச் நிலத்திற்கு ஓர் உறுதி என்பது, அந்நிலத்தில் இறப்போர் முன்னோராகும் உரிமையுமாகும். தன் இறந்தோரை ஓரிடத்தில் வைத்து நினைக்க முடிந்த சமூகமே தன் வரலாற்றைத் தொடர்ச்சியாகச் சொல்ல வல்லது. பெயர் வெட்டப்பட்டோரின் பெயர்களைத் தோட்டத்துப் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலும் கோடங்கிகளின் பாடல்களிலும் தேடித் தொகுக்கும் பணி ஆய்வாளருடையது. அவர்கள் வாழ்ந்த வீட்டை அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு உரியதாக்கும் பணி அரசியல் இயக்கத்தினுடையது. இவ்விரண்டும் நிறைவேறும்வரை ஊவாவின் லயங்களிற் பேய் இருக்கும். அதனை நம்பாதோரும் அதற்குப் பதில்சொல்லக் கடமைப்பட்டவரே.